மிச்சருக்கு அனுமதி உண்டு

நாள் 1, காலை 9:20

தனிமை நிலையம் மூன்று. செவ்வாயைச் சுற்றும் பாதை. இருப்போர்: ஓர் ஆள், ஒரு நாய். காற்றழுத்தம் சரி. தண்ணீர் மறுசுழற்சி சரி. வெப்பம் சரி.

ஆளின் பெயர் கோமதிநாயகம், அதாவது நான். மண் விஞ்ஞானி, சொந்த ஊர் சங்கரன்கோவில். நாயின் பெயர் மிச்சர். என்ன ஜாதி, என்ன ஜாதி என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லி அலுத்துப்போய் வைத்த பெயர் அது. சிப்பிப்பாறையின் கால்கள், தெருநாயின் காதுகள், முகத்தில் எந்த இனத்துக்கும் சொந்தமில்லாத ஓர் அப்பாவித்தனம்.

கீழே தெரியும் சிவப்புத் தரையில் செங்குன்றம் குடியிருப்பு இருக்கிறது. சென்னைக்குப் பக்கத்துச் செங்குன்றம் இல்லை, அதற்குப் பஸ் உண்டு. இங்கே நானூறு பேர் கூரைக்குள்ளேயே வாழ்கிறார்கள். அதில் ஒருத்தி என் மனைவி உலகம்மாள். பெயர்தான் உலகம்மாள், இருப்பது வேறு உலகத்தில். சரக்குப் பெட்டகப் பிரிவின் மேற்பார்வையாளராக மூன்று ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டாள். அப்போது செல்லப்பிராணிகளுக்கு அனுமதி இல்லை. மிச்சர் உண்மையில் அவளுடைய நாய். அவனை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று அடம்பிடித்தவளை, "நான் பின்னாலேயே கூட்டி வருகிறேன்" என்று சொல்லி அனுப்பிவைத்தவன் நான்.

போன வருடம் விதி மாறியது. செவ்வாய்க்கு வரும் முதல் நாய் இவன்தான். விதிகளை எழுதியவர்கள் யாரும் நாய் வளர்த்ததில்லை என்பது முதல் பக்கத்திலேயே தெரிகிறது. நோய் எதையும் கொண்டுவரவில்லை என்று உறுதியாகும்வரை நாற்பது நாள் தனிமை. அவனுக்கு ஓர் அறை, எனக்கு ஓர் அறை, நடுவில் கண்ணாடிச் சுவர். காற்று அவனுக்கு வேறு, எனக்கு வேறு. சாப்பாட்டை மட்டும் இரட்டைக் கதவு வைத்த ஒரு பெட்டி வழியாக என் பக்கத்திலிருந்து தள்ளலாம்.

இந்தக் குறிப்புகளை எழுதுவதும் விதிதான். அடுத்து வருபவர் படிக்க வேண்டுமாம். படியுங்கள்.

நாள் 4, மாலை 5:40

காற்று, தண்ணீர் சரி. நாய் சரியில்லை.

நிலையம் கொடுக்கும் உருண்டைகளை மிச்சர் தொடவில்லை. முகர்ந்து பார்க்கிறான், என்னைப் பார்க்கிறான், போய்ச் சுருண்டுகொள்கிறான். என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அறையின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடக்கிறேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவனும் எழுந்து கூடவே நடக்கிறான். நான் நின்றால் அவனும் நிற்கிறான். பட்டினி கிடக்கும் நாயை நடக்கவைத்துக் கொல்கிறேனே என்று உட்கார்ந்தால், என் கால் தானாக ஆடுகிறது.

நிலையம் குடியிருப்பின் தலைக்கு மேலே போகும்போது மட்டும்தான் பேச முடியும். உலகம்மாளிடமிருந்து வந்த செய்தி:

"ஏங்க, அவன் சாப்ட்டானா? உருண்டைய வச்சா எப்படித் திம்பான்? தயிர்ச்சோறு இல்லாம அவன் என்னைக்கு இருந்திருக்கான்? அந்த டாக்டரம்மாட்ட கேளுங்க. நீங்க சாப்ட்டியளா?"

என்னைக் கடைசியில் கேட்பது வழக்கம்தான்.

டாக்டரம்மா என்பவர் மெஹருன்னிசா, குடியிருப்பின் தனிமைப்பிரிவு அதிகாரி. கேட்டேன். தயிர் உயிருள்ள பொருள், அனுமதி இல்லை என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார்.

நாள் 6, காலை 7:15

கணினி சாட்சியாக ஒன்றைப் பதிவு செய்கிறேன். இந்தப் பக்கத்தை இப்போதைக்குப் பூட்டி வைத்திருக்கிறேன்.

உணவுப் பொருள் எதுவாக இருந்தாலும் கதிர்வீச்சில் கிருமி நீக்கித்தான் கொண்டுவர வேண்டும். என் காலுறைக்குள் ஒரு பிடி காய்ந்த மிளகாய் எந்தக் கதிர்வீச்சையும் பார்க்காமல் வந்திருக்கிறது. உறைமோர் இல்லாத வீட்டில் மிளகாய்க் காம்பைப் பாலில் போட்டால் தயிர் உறையும். இதற்கு விஞ்ஞானி தேவையில்லை, எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரியும்.

பால்பொடியைக் கரைத்து, வெதுவெதுப்பாக்கி, காம்புகளைக் கிள்ளிப் போட்டு, தண்ணீர்க் குழாயின் சூட்டில் சாத்திவைத்தேன். முதலில் திரிதிரியாக வந்தது. அதை எடுத்து மறுபடி உறைய வைத்ததில் கட்டித்தயிர்.

சோற்றை வேகவைத்துக் கையால் குழையப் பிசைந்தேன். உப்பு போதுமா என்று விரலை நக்கிப் பார்த்தேன், இன்னும் கொஞ்சம் போட்டு மறுபடி பிசைந்தேன். உலகம்மாள் பார்த்திருந்தால் எச்சில் கையா என்று தட்டிவிட்டிருப்பாள். தட்டைத் தள்ளினேன். மிச்சர் தட்டையும் சேர்த்துத் தின்றுவிடுவான் போலிருந்தது. நான் அழுதேன். வெட்கமில்லாமல் எழுதுகிறேன், அழுதேன்.

நாள் 15, பகல் 11:00

எல்லாம் சரி. மிச்சர் எடை கூடியிருக்கிறான். உருண்டைகள் பிடித்துவிட்டன போல என்று டாக்டர் மெஹருன்னிசா மகிழ்ந்தார். ஆமாம் என்றேன்.

எனக்குச் செய்த சோதனை முடிந்துவிட்டது, பச்சை. மனிதர்களுக்கு நாற்பது நோய்க்கிருமிகள் கொண்ட ஒரு பட்டியல் இருக்கிறது, அதோடு ஒத்துப்பார்த்துவிட்டு விட்டுவிடுகிறார்கள். நாய்க்கு அப்படியில்லை. அவன் மாதிரியை வளர்தட்டில் போட்டு, எது முளைத்தாலும் என்ன ஏது என்று விசாரிப்பார்கள். மனிதன் படித்தவன், நம்பலாம் என்று நினைத்திருப்பார்கள்.

கை சும்மா இருக்க மறுக்கிறது. நான் ஒருவன் மட்டும் வந்த கப்பலில், மிச்சர் தனிக் காற்றுக் கூண்டில் கிடக்க, ஏழு மாதமும் கீரைப் பாத்தியைக் கவனிப்பது என் வேலையாக இருந்தது. கையுறை போட்டு மண்ணைத் தொடுவது எனக்குப் பிடிக்காது. வெறுங்கையால் கிளறிக் கிளறி மூக்கில் வைத்து முகர்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். இங்கே ஒரு பிடி மண் இல்லை. நகத்தைக் கடிக்கிறேன்.

நாள் 19, பகல் 1:30

நிலையத்தின் அறிவிப்பு, உள்ளது உள்ளபடி:

"விலங்கு மாதிரி ஆறு. அறியப்படாத உயிரியின் வளர்ச்சி. நிலை: சிவப்பு. நடவடிக்கை: எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் கருணை நீக்கம். உரிமையாளருக்கு அனுமதி தொடரும்."

நீக்கம். பல்லைப் பிடுங்குவது மாதிரி.

டாக்டர் மெஹருன்னிசாவின் செய்தி: "சார், எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. அது எந்தக் கிருமின்னே தெரியல, எங்கேருந்து வந்ததுன்னும் தெரியல. மூலம் தெரிஞ்சா மருந்து குடுத்துப் பாக்கலாம். தெரியலைன்னா என் கையில ஒண்ணும் இல்ல. நானூறு பேர் சார்."

மூலம் எனக்குத் தெரியும். பாத்திரத்தில் மூடி போட்டு, குழாய்க்கு மேலே இருக்கிறது.

நாள் 19, மாலை 4:50

நடக்கிறேன். அவனும் நடக்கிறான்.

சொன்னால் என்ன ஆகும் என்று விதியில் தெளிவாகப் போட்டிருக்கிறார்கள். உயிருள்ள பொருளைக் கடத்தி வந்தவர் தன் பிராணியோடு அடுத்த கப்பலில் பூமிக்குத் திரும்ப வேண்டும். மறுபடி விண்ணப்பிக்க முடியாது. உலகம்மாளின் ஒப்பந்தம் இன்னும் பதினோரு வருடம்.

சொல்லாவிட்டால் நாயைக் கொன்றுவிடுவார்கள். நான் இறங்கி அவளிடம் போவேன். வழியில் ஏதோ நோய் வந்துவிட்டது என்பேன். நம்புவாள். ராத்திரி சாப்பிடும்போது ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் சாப்பிடுவோம்.

அவளுக்குச் சிவப்பு விஷயம் இன்னும் தெரியாது. இன்று அவள் அனுப்பியது: "அவனுக்கு இங்கன ஒரு மூலைய ஒதுக்கியாச்சு. பழைய பாராசூட்டுத் துணிய மடிச்சுப் போட்டிருக்கேன். ஒரு வாரமா அந்த மூலையத்தான் பாத்துட்டுக் கெடக்கேன், பைத்தியக்காரி மாதிரி."

பயமாக இருக்கிறது. எதைச் செய்தாலும் அவளுக்குத் துரோகம். மிச்சர் கண்ணாடியில் மூக்கை அழுத்தி ஒரு வட்டம் போட்டிருக்கிறான்.

நாள் 20, காலை 8:05

சொல்லிவிட்டேன். மிளகாய், காலுறை, தயிர், கை, எல்லாம்.

டாக்டர் மெஹருன்னிசா: "தயிரா சார்? நான் வாணியம்பாடி. காம்பு போட்டா உறையும்னு எனக்கும் தெரியும். எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாமில்ல." திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நீக்கத்தை நிறுத்திவைத்திருக்கிறார். தயிரில் ஒரு சொட்டும், மீதி மிளகாயும், என் எச்சிலும், நான் இருமித் துப்பிய சளியும் சோதனைப் பெட்டியில் போட வேண்டும். எச்சிலும் சளியும் எதற்கு என்று கேட்டேன். சும்மா, ஒப்பிட்டுப் பார்க்க என்றார்.

உலகம்மாளிடமும் சொன்னேன். "நீங்க செஞ்சது சரிதான்" என்று மட்டும் சொன்னாள். குரல் சரியாக இல்லை. பூமிக்குத் திரும்பும் கப்பலைப் பற்றி இருவரும் பேசவில்லை.

நாள் 24, பகல் 12:10

முடிவு வந்துவிட்டது. இரண்டு முறை கேட்டேன். எழுதினால் புரியுமோ என்று எழுதுகிறேன்.

மிளகாயில் ஒன்றும் இல்லை. தயிரில் இருந்தது நம் வீட்டுத் தயிரில் இருப்பதுதான், கூடவே அந்த அறியப்படாத உயிரியும். அது காம்பிலிருந்து வரவில்லை. என்னிடமிருந்து வந்தது. உப்பு பார்த்த விரலிலிருந்து.

கப்பலின் கீரைப் பாத்தியில் இருந்த ஏதோ ஒரு மண் பூஞ்சை. விண்வெளிக் கதிர்வீச்சில் ஏழு மாதம் கிடந்து மாறிப்போய், நான் முகர்ந்து முகர்ந்து என் நுரையீரலுக்குள் குடியேறியிருக்கிறது. பட்டியலில் இல்லாத ஒன்று, அதனால் எனக்குப் பச்சை கிடைத்தது.

டாக்டர் மெஹருன்னிசா: "சார், மிச்சருக்குப் பிரச்சினை இல்ல. அவன் தின்னதால வயித்துல மட்டும் இருக்கு, பத்து நாள் மருந்துல போயிடும். ஆனா மூச்சுல உள்ள போனா அது வேற மாதிரி. கொஞ்சம் கொஞ்சமா நுரையீரல அடைக்குது. எங்ககிட்ட இருக்கற எந்த மருந்துக்கும் அசையல. உங்க பக்கத்துல நின்னு மூச்சு விட்டா ஒட்டிக்கும். மன்னிச்சுக்குங்க. உங்கள எறக்க முடியாது. பூமிக்குப் போற கப்பல்லயும் ஏத்த முடியாது. மிச்சர மட்டும் உங்க மனைவி பேருல இங்க எறக்க அனுமதி வாங்கறேன்."

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால், நாயைக் கொன்றிருப்பார்கள், என்னைக் கைதட்டி வரவேற்றிருப்பார்கள். நான் போய் உலகம்மாளைக் கட்டிப்பிடித்திருப்பேன். பிறகு அவள் பக்கத்தில் இருப்பவர்கள். பிறகு நானூறு பேர். மிச்சரை நான் காப்பாற்றியதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

சிரிப்பு வருகிறது. சிரித்தால் இருமல் வருகிறது.

நாள் 35, காலை 10:00

"விலங்கு: பச்சை. இறங்க அனுமதி உண்டு." நிலையத்துக்குக் குரலில் ஏற்ற இறக்கம் கிடையாது. இருந்தாலும் எனக்கு வாழ்த்துச் சொன்ன மாதிரி இருந்தது.

குடியிருப்பிலிருந்து ஆளில்லாமல் ஏறிவந்த சரக்குப் பெட்டகம் அவன் பக்கத்துக் கதவில் இணைந்தது. உள்ளே போ என்று கையைக் காட்டினேன். போகவில்லை. நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம், பெட்டகம் இருக்கும் திசையில் நடந்தேன். கூடவே நடந்தான். அந்தப் பழக்கம் இதற்கு உதவியது. நான் சுவர் வரை போய் முட்டி நின்றேன், அவன் நிற்காமல் வாசலைத் தாண்டிவிட்டான். கதவு மூடிக்கொண்டது. ஒருமுறைகூட அவனைத் தொடவில்லை.

அவன் அறையில் நிலையம் கிருமி நீக்கும் வாயுவை நிரப்பி நிரந்தரமாகப் பூட்டிவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இப்போது மஞ்சள் புகை. இனிமேல் இங்கே ஒரே அறை, ஒரே காற்று, ஒரே கதவு.

நாள் 41, மாலை 6:30

உலகம்மாள்: "வந்துட்டான். நாப்பது நாள் முடியட்டும்னு கீழயும் அடைச்சு வச்சு இன்னைக்குத்தான் விட்டாவ. என்னய மறந்திருப்பான்னு நெனச்சேன், மேல விழுந்து பொரண்டு எந்திரிக்கவே விடல. குடியிருப்பே வந்து நின்னு பாக்கு. பாராசூட்டுத் துணில படுக்க மாட்டேங்கான், என் காலுக்கடியிலதான். ஏங்க, நீங்க எப்படி இருக்கிய? சத்தம் ஒரு மாதிரி இருக்கே."

நன்றாக இருக்கிறேன் என்றேன். காலையில் ரத்தம் கலந்து வந்ததைச் சொல்லவில்லை. உணவு இன்னும் மூன்று மாதத்துக்கு இருக்கிறது; என் கதவை இனித் திறக்க முடியாது, அதனால் புதிதாக வராது. அந்தக் கணக்கில் எது முந்துமோ.

மூலைக்கு மூலை நடந்துகொண்டுதான் இருக்கிறேன். பாதி தூரத்தில் மூச்சு வாங்குகிறது.

நாள் 52, பகல் 2:20

அவள் இன்று கேட்டது: "உங்க பக்கத்துக் கதவு வழியா பெட்டகம் வந்தா யாரு தெறக்கணும்?"

நான்தான், உள்ளே இருக்கும் நெம்புகோலை இழுக்க வேண்டும் என்று வெகுளித்தனமாகப் பதில் சொல்லிவிட்டேன். எதற்குக் கேட்டாள் என்று பிறகுதான் உறைத்தது.

உலகு, வராதே என்று செய்தி அனுப்பினேன். கோபமாக, கெஞ்சி, விதியைச் சொல்லி, நோயைச் சொல்லி. பதினொரு வருடம் கழித்து எனக்கு மருந்து கண்டுபிடிப்பார்கள் என்று பொய்கூடச் சொன்னேன்.

பதில்: "இருமிக்கிட்டே பேசாதிய. தண்ணி குடிங்க."

நாள் 63, பிற்பகல் 1:10

டாக்டர் மெஹருன்னிசா. மூச்சிரைக்கப் பேசினார்: "சார், அவங்க ஏறிட்டாங்க. சரக்குப் பெட்டகத்துல, நாயையும் கூட்டிக்கிட்டு. அவங்க பிரிவுதானே, யாருக்கும் சந்தேகம் வரல. இங்கேருந்து நிறுத்த முடியல. சார், தயவுசெஞ்சு கதவத் திறக்காதீங்க. திறக்கலைன்னா அரை மணி நேரத்துல பெட்டகம் தானா எறங்கிடும். அவங்களுக்கு ஒண்ணும் ஆகாது. திறந்தா அவங்களையும் நான் திரும்ப உள்ள விட முடியாது."

திறக்க மாட்டேன்.

முதலில் பேசிப் பார்க்கலாம் என்று நினைத்தேன். பேசினால் அவளிடம் நான் ஜெயித்ததே இல்லை. பேசக்கூடாது. மூச்சுக் காட்டக்கூடாது. செத்துப்போய்விட்டேன் என்று நினைத்துத் திரும்பிப் போகட்டும். அரை மணி நேரம் பிணமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பிற்பகல் 2:05

இணைந்துவிட்டது. சுவர் அதிர்ந்தது. கதவுக்கு இந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்திருக்கிறேன். விரலால் மட்டும் எழுதுகிறேன், சத்தமில்லாமல்.

ஒலிபெருக்கியில்: "ஏங்க. நான்தான். தெறங்க."

2:12

"ஏங்க. தூங்குதியளா? ... என்னங்க."

கதவைத் தட்டுகிறாள். முதலில் விரல் முட்டியால். இப்போது உள்ளங்கையால். என் முதுகில் தெரிகிறது.

2:19

அழுகிறாள். மூன்று வருடத்தில் ஒருமுறைகூட அழுது அனுப்பியதில்லை.

திரும்பிப் போ. திரும்பிப் போ. திரும்பிப் போ.

2:28

அழுகை நின்றுவிட்டது. இன்னும் கொஞ்ச நேரம். பெட்டகத்தின் மோட்டார் சூடாகும் ஓசை கேட்கிறது. போய்விடுவாள்.

2:31

மோட்டார் நின்றுவிட்டது.

"ஏங்க. இவன் கதவப் பாத்து வால ஆட்டுதான். வந்ததுலேருந்து நிறுத்தவே இல்ல. செத்த ஆளுக்கு நாய் வாலாட்டுமா? நீங்க இந்தக் கதவுக்குப் பின்னாலதான் உக்காந்திருக்கிய."

"எறங்குத மோட்டாருக்குப் போற வயரப் பிடுங்கிட்டேன். நான் மாட்டுன வயருதான. காத்து சாயங்காலம் வரைக்கும் வரும். அதுவரைக்கும் யோசிச்சுட்டுத் தெறங்க. எனக்கு அவசரமில்ல."

2:33

திறந்தால் என்னோடு சாவாள், மெதுவாக. திறக்காவிட்டால் சாயங்காலம். வயரைத் திரும்ப மாட்டச் சொல்ல வேண்டும். இனிப் பேசித்தான் ஆக வேண்டும், வேறு வழி இல்லை

2:34

உலகு, வயரை மாட்டு என்று சொல்ல வாயைத் திறந்தேன். இருமல்தான் வந்தது. நிற்கவில்லை. திரை முழுக்க ரத்தம், எழுத்து சரியாகத் தெரியவில்

அந்தப் பக்கம் மிச்சர் குரைக்கிறான்.

உலகம்மாள் சிரிக்கிறாள். என் இருமலைக் கேட்டுவிட்டுச் சிரிக்கிறாள், "நான் சொல்லல?" என்று அவனிடம் கேட்கிறாள்.